ஆவணியில் மஞ்சளான மூன்றாவது மரம்

ஆவணி முதல் கிழமை என்னுடைய மூன்றாவது மரம் மஞ்சளாகிப் போனது.

பஸ்ஸுக்குள் இருந்துதான் பார்த்தேன். ஒஸ்லோவில், ஹொல்ம்லியா ஸ்டேஷன் பக்கம் இறங்கிப் போகிற வீதி. பக்கத்துக்குப் பதினொன்றாய் இருபத்திரண்டு மரம். அவ்வளவும் நான் நட்டது. பக்கத்தில் இருந்த மனைவி கண்ணாடியில் விரலை வைத்துக் காட்டினா.

"இஞ்சேருங்கோ, உங்கடை மரம் என்ன வடிவாய் மஞ்சளாய் நிக்குது பாருங்கோ. ஊரிலை உள்ள மரமெல்லாம் பச்சை. உங்கடைதான் முந்தீட்டுது."

"ஓம்" என்றேன். பஸ் திரும்பும்வரை அந்த மரத்தையே பார்த்தேன்.

அந்த மரம் ஐப்பசி கடைசியில்தான் மஞ்சளாக வேண்டும். அப்போது பார்த்தால் வீதி முழுக்க மஞ்சள் கரைத்து ஊற்றின மாதிரி இருக்கும். ஆவணியில் மஞ்சளாகிற மேப்பிளைச் சனம் நின்று படம் எடுக்கும். மரம் தெரிந்தவன் பார்த்தால் அவனுக்கு வேர்க்கும். அது கீழே ஏதோ கிடைக்காமல், இருக்கிற இலையையாவது கழற்றிப் போட்டுவிட்டுத் தப்பப் பார்க்கிறது.

நான் லேசில் பயப்படுகிற ஆள் இல்லை. இதை நானே சொல்லக்கூடாது, சொல்ல வேறு ஆள் இல்லாதபடியால் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. இந்த நாட்டுக்கு வந்து முதல் வேலை வடக்கு நோர்வேயில், ஹம்மர்பெஸ்டில், மீன் பக்டறியில். சூரியன் எட்டிப் பார்க்காத மாதங்களில் மீன் வெட்டினேன். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து பனி தள்ளினேன், புல் வெட்டினேன், சவக்காலையில் பூச்செடி வைத்தேன். இன்றைக்கு என் பெயரில் ஒரு கொம்பனி, இரண்டு வான் வண்டி, ஒரு சின்னக் கிண்டும் மெஷின், ஐந்து பேர். நோர்வேஜியன் பேப்பரை முழுதாய் வாசிக்க எனக்கு இப்போதும் தெரியாது. ஆனால் வாசிக்கத் தெரிந்தவர்கள் என்னிடம்தான் வேலை செய்கிறார்கள்.

அப்படியிருக்க, கொம்யூன என்கிற நகரசபை ஒரு முழு வீதியை முதல் தடவையாக என் கையில் தந்தபோது, நான் எத்தனை பேருக்கு அதைச் சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பாருங்கோ. கோயிலில் சொன்னேன். கலியாண வீடுகளில் சொன்னேன். குறொன்லாண்டுக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிற இடத்தில், யாரென்றே தெரியாத ஒருவருக்கும் சொன்னேன். ஹொல்ம்லியாச் சனம் அந்த வீதியை "மாமாவின்ரை றோட்" என்று சொல்லும். பகிடிக்குத் தொடங்கினது. நான் பகிடியாய் எடுக்கவில்லை.

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேப்பிளில் சின்ன இலைச் சாதி ஒன்று இருக்கிறது, நோர்வேக்காரர் நாவர் என்பார்கள். சும்மா விட்டால் வேலியோரப் பற்றை மாதிரிப் பரந்து வளரும். அதிலிருந்து நேராய், ஒடுக்கமாய் நிமிருகிற ஒரு வகையைத் தெரிந்தெடுத்து ஒட்டுக் கட்டி வளர்க்கிறார்கள். வீதிக்கு அதுதான் தோது. கொப்பு பஸ்ஸில் உரசாது, ஆட்கள் நடக்கிற பாதையை மறிக்காது, மாரியில் வீதிக்குப் போடுகிற உப்பையும் ஓரளவு தாங்கும். இலைக் காம்பை ஒடித்தால் பால் வரும், எங்கடை எருக்கலை மாதிரி. முதல் நாள் அதைக் கண்டவுடன் எனக்கு இந்த மரத்தில் ஒரு பாசம் வந்துவிட்டது.

இனி நான் செய்த வேலையைச் சொல்கிறேன்.

நடுகிற அன்றைக்குக் கார்த்திகைக் குளிர். மரங்கள் வேரோடு மண் உருண்டையாய், சாக்கும் கம்பி வலையும் சுற்றி லொறியில் வந்து இறங்கின. என்னிடம் வேலை செய்கிற மதுரைக்காரர் கொம்யூன தந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு குழிக்குப் பக்கத்தில் நின்றார். நாற்பது வயது தாண்டிய மனிதர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். விவசாயம் படித்துப் பட்டம் எடுத்தவர். மனைவிக்கு இங்கே கம்ப்யூட்டர் வேலை கிடைத்ததால் கூட வந்தவர்.

"அண்ணே, குழி ஆழமா இருக்கு. அடிமரம் வேரா விரியுற இடம், வேர்க்கழுத்து, அது மண்ணுக்கு மேல தெரியணும்னு படத்துல போட்டிருக்கு."

"தம்பி, இது மதுரையில்லை. தை மாசம் இஞ்சை நிலம் கல்லாய் இறுகும். கழுத்தை வெளியிலை விட்டால் குளிர் பிடிக்கும்."

"மரத்துக்கு ஜலதோஷமா அண்ணே?"

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுள்ளென்று ஏறியது.

"நீர் படிச்சனீர். நான் நட்டனான். இறக்கும் கீழை."

இறக்கினோம். ஒரு சாண் ஆழம் கூட. அதோடும் நான் விடவில்லை. வாழைக்கு அணைக்கிற மாதிரி அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் குவித்து, காலால் மிதித்து, சுற்றிவரப் பாத்தி கட்டினேன். ஊரில் வாழைக்கு மண் அணைத்த கை. காற்றுக்கு விழாது, வேரோட்டம் நன்றாயிருக்கும், அப்படித்தான் என் கைக்குத் தெரியும். இருபத்திரண்டு மரத்துக்கும் நானே முழங்காலில் இருந்து அணைத்தேன். வேறு ஆளை விடவில்லை. கடைசியில் மேலே மரச்சீவலைத் தூவியதும் எல்லாம் மூடிப்போனது. கொம்யூனவில் இருந்து வந்து பார்த்தவர்களுக்கும் சீவல்தான் தெரிந்தது.

இரண்டு வருடம் மரம் நன்றாய்த்தான் நின்றது. மேப்பிள் அப்படித்தான், தன்னிடம் இருப்பதை வைத்துக் கொஞ்சக்காலம் சமாளிக்கும். நான் மதுரைக்காரரிடம் ஒவ்வொரு வைகாசியும் கேட்பேன்: "என்ன தம்பி, என்ரை மரத்துக்குத் தடிமன் பிடிச்சதோ?" அவர் சிரித்துவிட்டுத் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு போவார்.

மூன்றாவது வருடம்தான் இந்த மஞ்சள்.

அடுத்த நாள் காலை தனியே போனேன். மூன்றாவது மரத்தின் நுனிக் கொப்பை வளைத்து நகத்தால் தோலைச் சுரண்டினேன். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர். மண்ணிறம். கொஞ்சம் கீழே சுரண்டினேன். அங்கேயும் மண்ணிறம். இன்னும் கீழே வந்த பிறகுதான் ஒரு மெல்லிய பச்சை தெரிந்தது. பிறகு குனிந்து, சீவலுக்குள்ளே அடிமரத்தோடு ஒட்டிக் கையை விட்டேன். வேர்க்கழுத்தைத் தேடினேன். விரல் போனது. மணிக்கட்டுப் போனது. அடிமரம் ஒரு கம்பத்தை நட்ட மாதிரி நேரே கீழே போய்க்கொண்டிருந்தது. விரிவே இல்லை. மண் ஈரமாய், புளித்த மணத்தோடு இருந்தது. கையை எடுத்துவிட்டுச் சீவலைத் திரும்ப இழுத்து மூடினேன்.

மற்ற மரங்களையும் பார்த்தேன். ஐந்து மரத்தின் உச்சி மெலிந்திருந்தது. முதல் நாள் வரைக்கும் அது என் கண்ணில் படவில்லை. படவில்லையோ, பார்க்க விரும்பவில்லையோ, தெரியாது.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஸ்டேஷனில் இருந்து வீட்டுக்குச் சுற்றுப் பாதையால் நடந்தேன். மனைவி கவனித்துவிட்டுக் கேட்டா. மரம் சுகமில்லை என்று மட்டும் சொன்னேன்.

"நான் நினைச்சனான். சனம் கண் வைச்சிட்டுது. நீங்களும் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனியள். ஒரு எலுமிச்சங்காயும் மிளகாயும் கட்டி விடுவமோ?"

"கொம்யூன மரத்திலை மிளகாய் கட்டினால் பேப்பரிலை போடுவங்கள்."

"அப்ப கோயிலிலை ஒரு அர்ச்சனை. மரத்துக்கு என்ன நட்சத்திரம்?"

அவ பகிடி விடவில்லை, உண்மையாய்த்தான் கேட்டா. எனக்குச் சிரிப்பும் வரவில்லை.

புரட்டாதி நடுவில் கடைசிப் பரிசோதனை இருந்தது. அதோடு மரங்கள் என் பொறுப்பிலிருந்து கொம்யூனவின் பொறுப்புக்குப் போகும். அதற்கு முன்னரே மரங்களுக்குப் பொறுப்பான நோர்வே மனுசி ஒரு நாள் வழியில் நின்று பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டா. மஞ்சள் மரத்தைச் சுற்றி நடந்தா. உப்பாக இருக்கலாம் என்றா. பிறகு, "ஆடியில் தண்ணீர் ஊற்றினது யார்?" என்று கேட்டா.

அங்கேதான் நான் அடுத்த பிழையைச் செய்தேன். அவவின் சப்பாத்து நுனி சரியாக நான் மண் குவித்த இடத்தில் நின்றது. அந்தக் காலால் சீவலை ஒருக்கால் தட்டினால் எல்லாம் தெரிந்துவிடும். அவ காலைத் தட்டுவதற்கு முன் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

"தண்ணீருக்குப் பொறுப்பானவர் மூன்று கிழமை இந்தியாவில் நின்றவர். கொஞ்சம் குறைந்திருக்கலாம்" என்று சொன்னேன்.

அவ எழுதிக்கொண்டா. பரிசோதனையில் பார்க்கலாம், பிழைக்காதவற்றைக் கிளப்பிவிட்டு வேறு நடலாம் என்று சொல்லிவிட்டுப் போனா. கிளப்பினால் ஆழம் தெரியும். கிளப்பாவிட்டால் மற்றவையும் ஒவ்வொன்றாய்ச் சாகும். இரண்டு பக்கத்தாலும் எனக்கு வழியில்லை. அந்த நேரம் என்னுடைய பெயரைப் பற்றித்தான் பயந்தேன் என்று நினைத்திருந்தேன். வானுக்குள் ஏறி இருந்தபோது பார்த்தால், கண் மரங்களை எண்ணிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றில் நின்றுவிடும். திரும்பவும் ஒன்று.

இரண்டு நாள் கழித்து மதுரைக்காரர் என் சாமான் கொட்டிலுக்கு வந்தார். கையில் போன். கொம்யூன மனுசி அவருக்கும் கடிதம் போட்டிருந்தா.

"அண்ணே, மூணு வாரம் ஊர்ல இருந்தேன், சரி. அந்த மூணு வாரமும் இங்க மழை. தண்ணிப் பை நிறைஞ்சு வழியுது, கவலைப்படாம மாமியார் வீட்டுல சாப்பிடுன்னு போட்டோ அனுப்பினது யாரு?"

படத்தைக் காட்டினார். நான் அனுப்பின படம்தான். மரத்தின் அடியில் கட்டின கறுப்புத் தண்ணீர்ப் பை நிறைந்து நிற்கிறது. பக்கத்தில் என் பெருவிரல்.

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அது எனக்குச் சுகம். அவர் கத்தவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்தார்.

"தோண்டிப் பாத்தீங்களா?"

"கையை மட்டும் விட்டனான்."

"எதுவரைக்கும் போச்சு?"

மணிக்கட்டுக்கு மேலே, முழங்கைக்குப் போகிற வழியில் தொட்டுக் காட்டினேன்.

அவர் முகம் மாறியது. "அப்ப இருபத்திரண்டும் அப்படித்தானா?"

"ஓம்."

அந்த "ஓம்" வெளியே வர மூன்று வருடம் எடுத்தது.

மண்ணை எடுத்துக் கழுத்தை வெளியே கொண்டுவரலாம், அடிமரத்தைச் சுற்றி இறுக்குகிற வேர் இருந்தால் வெட்ட வேண்டும், நிலம் இறுக முன்னர் செய்தால் பெரும்பாலும் பிழைக்கும் என்றார். ஆனால் மரங்களுக்குக் கீழே மின்சாரக் கம்பி போகிறது. கம்பி எங்கே போகிறது என்று கொம்யூன வந்து குறித்துத் தராமல் யாரும் கிண்ட முடியாது.

"அந்தம்மாகிட்ட சொல்லாம தோண்ட வழியில்லண்ணே. உப்புன்னு சொல்லித் தோண்ட முடியாது. எனக்குத் தண்ணின்னு பேரு வந்தா வந்துட்டுப் போகுது, அத அப்புறம் பேசிக்கலாம். மரத்துக்கு நேரம் இல்ல."

எனக்கு அவர் கடைசியாய்ச் சொன்னதுதான் குத்தியது. பொய்ப்பேர் வாங்கினவர் அவர். அவரும் மரத்தைத்தான் நினைக்கிறார்.

வானை அந்த மூன்றாவது மரத்துக்கு எதிரே நிறுத்தி, உள்ளே இருந்து போன் எடுத்தேன். சொல்ல வேண்டிய நோர்வேஜியன் வசனத்தைப் பத்துத் தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். கொம்யூன மனுசி எடுத்தா.

"தண்ணீரில் பிழை இல்லை. நான் ஆழமாய் நட்டுவிட்டேன். நான் சொல்லித்தான் நட்டார்கள். வேண்டாம் என்று சொன்னவர்தான் தண்ணீருக்குப் பொறுப்பானவர்."

போன் செத்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"எத்தனை மரம்?"

"எல்லாம்."

பிறகு சொன்னா: "கம்பியைக் குறிக்கச் சொல்கிறேன். நாளை மறுநாள் காலை வருவேன். அதுவரை ஒன்றையும் தொடக்கூடாது."

அந்த ஒன்றரை நாளில் நான் கிழவனாகிப் போனேன்.

கிண்டுகிற அன்றைக்குப் பஸ் தரிப்பில் சனம். மெஷின் பாவிக்க முடியாது, கையால்தான். சின்ன மண்வாரி, தூரிகை, தண்ணீர்க் குழாய். நான் முழங்காலில் இருந்தேன். மூன்று வருடத்துக்கு முன் அணைத்த அதே இடம், அதே முழங்கால். எங்கடை தமிழ் ஆள் ஒருவர் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நின்றவர் கேட்டார்:

"என்ன மாமா, நட்டதைத் திருப்பிப் பிடுங்கிறியளோ? வாடகைக்கோ நட்டனியள்?"

மற்ற நாளென்றால் அவருக்கு வாயால் சரியாய்க் கொடுத்திருப்பேன். அன்றைக்கு, "ஆழமாய் நட்டுப்போட்டன். அதைத்தான் சரி பண்ணுறன்" என்றேன். அவர் பிறகு பகிடி விடவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். எனக்கு என்னவோ அவர் நின்று இன்னும் இரண்டு பகிடி விட்டிருக்கலாம் போல இருந்தது.

ஒரு சாணையும் தாண்டி இறங்கியபோது கழுத்து வந்தது. தோல் கறுத்து, ஊறி இருந்தது. அதற்கு மேலே, என் மண்ணுக்குள் புதிதாய் விட்ட ஒரு வேர், என் பெருவிரல் தடிப்பில், அடிமரத்தை முக்கால் சுற்றுச் சுற்றி இறுக்கியிருந்தது. கயிறு போட்ட மாட்டின் கழுத்து மாதிரித் தோல் உள்ளே பதிந்திருந்தது. மதுரைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். கொம்யூன மனுசியும் குனிந்து பார்த்தா.

"இதை வெட்டத்தான் வேண்டும். இந்த மரத்துக்கு இப்போது உணவு எடுப்பதும் இதே வேராக இருக்கலாம். வெட்டினால் போகவும் கூடும்" என்றா. "நீங்கள் வெட்டுகிறீர்களா, நான் வெட்டட்டுமா?"

மதுரைக்காரர் உளியை எடுக்கக் கையை நீட்டினார். நான் வாங்கினேன். அடிமரத்தில் படாமல் வைத்து, மூன்று அடி. வேர் விட்டுக்கொடுத்தபோது ஒரு சின்னச் சத்தம். நான் மரத்தை நிமிர்ந்து பார்த்தேன், உடனே விழப் போகிற மாதிரி. இரண்டு மஞ்சள் இலை மட்டும் விழுந்தது.

நான்கு நாள் எடுத்தது இருபத்திரண்டுக்கும். பதினாறு மரத்தில் வெட்ட ஒன்றும் இருக்கவில்லை, மண்ணை எடுத்ததோடு சரி. ஆறில் வெட்டினேன். மரங்கள் இன்னும் இரண்டு கோடை என் பொறுப்பில்தான் என்று கொம்யூன மனுசி எழுதித் தந்தா. மதுரைக்காரரைப் பற்றி எழுதினதை அவர் முன்னாலேயே வெட்டிக் காட்டினா. அவரிடம் நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. சொன்னேன்.

மாரி வந்தது. இப்போது வேறு பயம். மண்ணை எடுத்த இடம் கிண்ணம் மாதிரிப் பள்ளமாய் நின்றது. பனி தள்ளுகிற லொறி போகப் போக உப்புப் பனி எல்லாம் அந்தப் பள்ளத்துக்குள் விழும். வைக்கோல் பாய் கட்டினோம். அதையும் தாண்டி விழுந்ததை நான் போய் வாரி வெளியே போட்டேன். பனி கொட்டின ஒவ்வொரு காலையும் போனேன். லொறிச் சாரதிகளுக்கு என்னைத் தெரிந்துவிட்டது. மரத்துக்குக் கிட்ட வரும்போது மெதுவாய்ப் போவார்கள்.

வைகாசியில் மற்ற மரங்கள் மொட்டு உடைத்தன. மே பதினேழாம் திகதி, நோர்வேயின் தேசிய நாள், பிள்ளைகள் கொடியோடு அந்த வீதியால் போனபோது பத்தொன்பது மரத்தில் இலை. மூன்றில் இல்லை. அடுத்த கிழமை ஒன்றில் வந்தது. அதற்கடுத்த கிழமை இன்னொன்றில், அடியில் மட்டும். மூன்றாவது மரம் வரவில்லை. ஆனி முழுக்க நகத்தால் சுரண்டிக்கொண்டு திரிந்தேன், சுரண்டிச் சுரண்டி அடிக்கு வந்துவிட்டேன். மண்ணிறம்.

இலையுதிர் காலத்தில் அதைக் கிளப்பிவிட்டு அதே இடத்தில் வேறு ஒரு கன்று வைத்தோம். அதே வகை, நட்டபோது மற்றவை நின்ற அதே உயரம். குழியை மதுரைக்காரர் அளந்தார். நான் அளக்கவில்லை. வைத்து, மண் நிரப்பி முடிந்த பிறகு பார்த்தால், வேர்க்கழுத்து வெளியே வெறுமையாய்த் தெரிந்தது. குளிர் காற்று அடித்தது. சட்டை இல்லாத பிள்ளை மாதிரி நின்றது. என் கை தானாகப் போய் ஒரு பிடி மண் அள்ளியது.

"அண்ணே."

"ஒண்டும் செய்யேல்லை."

"கையில என்ன?"

மண்ணைத் திரும்பத் தள்ளுவண்டிக்குள் போட்டேன். கையைக் காற்சட்டையில் துடைத்தேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார், நான் வானுக்குள் ஏறும்வரை.

இதை எழுதுகிறபோது இன்னொரு ஆவணி. நேற்று அந்தப் பஸ்ஸில் போனோம். திருப்பம் வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். மனைவிக்கு இது பழகிவிட்டது.

"என்ன நிறம்?"

"பச்சை. கண்ணைத் திறவுங்கோ, ஆக்கள் பார்க்கினம்."

"மூண்டாவது?"

"அதுவும் பச்சைதான். குட்டியாய் நிக்குது."

"எல்லாத்தையும் பார்த்துச் சொல்லும்."

அவ எண்ணத் தொடங்கினா. ஒவ்வொன்றுக்கும் பச்சை, பச்சை என்று, கோயிலில் பெயர் வாசிக்கிற மாதிரி. பதினொன்றோடு அந்தப் பக்கம் முடிய நிறுத்தினா.

"மற்றப் பக்கம்?" என்று கேட்டேன்.

"அது திரும்பி வரேக்கை" என்றா.